கலங்கலில் நின்ற படம்

அன்றைக்கு அந்த ஹாலில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டு ஓனர், அவருடைய சம்சாரம், சம்சாரத்தின் தம்பி, மாடி அறையில் குடியிருந்த குவாலிட்டிக்காரர், என் மனைவி, நான். பத்துப் பேர் முன்னிலையில்தான் எல்லாவற்றையும் காட்டினேன் என்று ஓனர் பின்னாளில் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதனால்தான் எண்ணிச் சொல்கிறேன். ஆறு பேர். அந்த ஆறு பேரிலும் படம் பார்க்க வந்தவள் என் மனைவி ஒருத்திதான். மற்றவர்கள் படத்தை ஓட்டுகிற பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி என்று சொன்னால் ஓனருக்குக் கோபம் வரும். கம்ப்யூட்டர் என்றாலும் வரும்.

"கம்ப்யூட்டருன்னு சொல்லாதப்பா. கம்ப்யூட்டரு ஸ்கூல் பசங்க வூட்லகூட கீது. இது மீடியா சென்டரு."

மண்ணூரில் அவருக்கு இருந்த நிலத்தில் பெரும்பகுதி ஏதோ ஒரு தொழிற்சாலையின் மதிலுக்குள் போய்விட்டது. வந்த பணத்தில் வரிசையாக அறைகள் கட்டி என்னைப் போன்ற வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார். மிச்சத்தில் ஹாலுக்குப் பளபளவென்று தரை போட்டார். போட்ட நாளிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அதில் நடந்தார். சுவரில் பாதியை அடைக்கிற டிவி ஒன்றை வாங்கி மாட்டினார். டிவியோடு ஒரு கம்ப்யூட்டரை வயரால் பிணைத்து, ஹாலின் நாலு மூலையிலும் ஸ்பீக்கரை நட்டார். இந்தக் கூட்டுக் குடும்பத்துக்கு வைத்த பெயர்தான் மீடியா சென்டர். சோபாவுக்கு எடுத்த துணியில் மீந்ததைக் கொண்டு கம்ப்யூட்டருக்கும் உறை தைத்துப் போட்டிருந்தார்கள். பூப்போட்ட உறை. வாசலிலிருந்து பார்த்தால் யாரோ ஒரு அம்மாள் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும்.

அதைப் பொருத்திக் கொடுத்தவர் ஓனர் சம்சாரத்தின் தம்பி. ஓனர் அவரை மச்சான் என்று கூப்பிட்டதால் நாங்களும் எங்களுக்குள் மச்சான் என்றே சொல்லுவோம். குன்றத்தூரில் மலையடிவாரத்தில் கடை வைத்திருந்தார். செல்போன் ரீசார்ஜ், ஜெராக்ஸ், அவசர போட்டோ, லேமினேஷன் என்று போர்டில் எழுதிக்கொண்டே போய், இடமில்லாமல் கடைசி வரியில் நெருக்கியடித்து 'கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து தரப்படும்' என்று எழுதியிருந்தார். கடைசி வரியில் இருக்கிற வேலையை ஒருவரிடம் கொடுக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். என்னை யார் கேட்டார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தென்காசிப் பக்கம். அப்போது ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன், அதுவும் காண்ட்ராக்டில். பயம் எனக்கு உடம்போடு பிறந்தது. கேஸை மூடினோமா என்று பஸ் ஏறிய பிறகு இறங்கி ஓடிவந்து பார்ப்பேன். மூடியிருக்கும். மூடியிருப்பதைப் பார்த்த நிம்மதியில் கதவைப் பூட்டாமல் போய்விட்டோமோ என்று அடுத்த ஸ்டாப்பில் நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்படிப்பட்டவன், ஓனர் பேச்சைக் கேட்டு ஒரு மனைக்கு ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தேன்.

ஓனர் மனை விற்கிற ஒரு கம்பெனிக்கு ஏஜெண்ட். இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் அந்தப் பக்கம் ஏஜெண்டாக இல்லாத ஆளை விளக்குப் பிடித்துத்தான் தேட வேண்டும். டீக்கடைக்காரர் ஏஜெண்ட். முடி வெட்டுகிறவர் ஏஜெண்ட்; கத்தி கழுத்தில் இருக்கும்போது மனை விலையைச் சொல்லுவார், வேண்டாம் என்று தலையாட்டவும் முடியாது. இத்தனை பேரிடமும் தப்பித்து வந்து சொந்த வீட்டு ஓனரிடம் மாட்டினேன்.

கொடுத்த பணத்தில் பாதிக்குமேல் என் மனைவியின் சங்கிலியை அடகு வைத்து வந்தது. மீதியை அந்த வாரத்துக்குள் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அட்வான்ஸ் திரும்பாது என்பதை ஓனர், ஏதோ கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். மீதிக்கு இருந்த ஒரே வழி அவள் கட்டிவந்த சீட்டுப் பணம். ஒரு கேன்டீனில் பாத்திரம் கழுவிச் சேர்த்த காசு. அவள் பிடிகொடுக்கவில்லை.

"மண்ண நான் கண்ணால பாக்காம ஒத்த ரூவா எடுக்க மாட்டேன். நீங்க பாத்தியன்னா அது நீங்க பாத்தது."

நான் பார்த்திருந்தேன். கோடையில் ஒரு நாள் ஓனர் வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். காய்ந்த பொட்டல். வெள்ளைக் கற்கள் வரிசையாக நட்டிருந்தன. என் கல்லில் சிவப்பு பெயிண்டில் முப்பத்தொன்று என்று எழுதியிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் ஏதோ பழைய மதில் போலக் கருங்கல் கட்டடம் ஒன்று நீளமாகப் படுத்துக் கிடந்தது. "கலங்கல் பக்கத்துலதான் நம்ம சைட்டு. கலங்கலாண்டன்னு சொல்லு, யாரு வேணா கொண்டாந்து வுட்டுடுவான்" என்றார் ஓனர். தண்டலம் மாதிரி, மண்ணூர் மாதிரி, கலங்கல் என்று ஓர் ஊர் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். பட்டா அசலா, வில்லங்கம் உண்டா, தலைக்குமேல் மின்கம்பி போகுமா, சுடுகாடு எத்தனை தூரம் என்று கேட்க வேண்டியதையும் வேண்டாததையும் கேட்டேன். ஊர்ப்பெயருக்குப் பொருள் கேட்க யாருக்குத் தோன்றும்? தோன்றியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வந்த புதிதில் ஒவ்வொரு சொல்லுக்கும் விளக்கம் கேட்டு, "இன்னா ஊருப்பா உன்து, தமிழ்நாடுதான?" என்று எங்கள் அறை வரிசையில் எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

வண்டியில் மூன்று பேர் போக முடியாது, ஆட்டோவுக்குக் காசு கொடுக்க ஓனருக்கு மனம் வராது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் வீடியோ.

"நேர்ல இன்னாத்துக்கும்மா வெயில்ல அலையணும்? கம்பெனிக்காரனே சைட்ட வீடியோ எடுத்துக் குடுத்துகீறான். ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வா. குந்திக்கினே பாரு. ஒரு டீ குடி."

"டீ எங்க வீட்லயே இருக்கு அண்ணாச்சி. மண்ணுதான் இல்ல."

"அண்ணாச்சியா? நான் இன்னா மளிகைக் கடையா வச்சிகீறேன்?"

குவாலிட்டிக்காரரையும் அழைத்திருந்தார். திருச்சிப் பக்கத்து டிப்ளமோ. கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் சோதனைப் பிரிவு. முப்பத்திரண்டாம் கல் அவருக்கு என்று ஓனர் மனதுக்குள் எழுதி வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூப்போட்ட உறையின் முன்பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, பெட்டியின் முகத்தில் மச்சான் பென் டிரைவைச் செருகினார். டிவியில் மஞ்சளும் பச்சையுமாக எழுத்துகள் சுழன்று வந்தன. பிறகு குரல் வந்தது. திருவிழாவில் காணாமல் போன குழந்தையை மைக்கில் அறிவிப்பார்களே, அந்தக் குரல். 'நீங்கள் கனவு கண்ட இல்லம்' என்று தொடங்கியது. படத்தில் நெடுஞ்சாலை. ஒரு லாரியின் பின்புறம்.

லாரி அப்படியே நின்றது. குரல் நிற்கவில்லை. நுழைவு வளைவைக் கடந்து உள்ளே போய்விட்டது. 'முப்பதடி அகல உள்சாலைகள்' என்றது. லாரி கொஞ்சம் நகர்ந்தது. 'உங்கள் செல்லக் குழந்தைகள் ஓடி விளையாட' என்றது. லாரியில் கட்டியிருந்த தார்ப்பாய் ஒருதரம் துடித்து நின்றது.

"ஏங்க, பிள்ளைய லாரிக்குப் பின்னாலயா வெளையாட விடணும்?" என்றாள் என் மனைவி.

அவள் கேலி செய்ய ஆரம்பித்தால் சீட்டுப் பணம் வராது. சீட்டுப் பணம் வராவிட்டால் அட்வான்ஸ் போச்சு, சங்கிலி போச்சு. படம் ஓடிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்ட மாதிரி அந்த ஹாலில் வேறு யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

முதல் வைத்தியம் ஓனருடையது.

"இது ஒண்ணும் இல்லப்பா. படம் கனம் ஜாஸ்தி, மெதுவாத்தான் வரும். சத்தத்துக்கு இன்னா வெயிட்டு கீது? அதான் முந்திக்கினு ஓடுது."

சொன்னதோடு நிற்கவில்லை. ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தால் குரல் மெதுவாகப் போகுமாம். படம் வந்து சேர்ந்துகொள்ளுமாம். ரிமோட்டும் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் பொத்தானைக் கட்டைவிரலால் நசுக்க வேண்டியிருந்தது. குரல் கிணற்றுக்குள் இறங்கியது. லாரி நின்ற இடத்திலேயே நின்றது. இப்போது என்ன சொல்கிறார்கள் என்பதும் காதைத் தீட்டிக்கொண்டால்தான் கேட்டது. "இப்ப பரவால்ல, இல்ல?" என்று எங்களைப் பார்த்தார். பரவாயில்லை என்றேன். குடியிருக்கிறவன் வேறு என்ன சொல்லுவான்.

மச்சான் எழுந்து உறையை முழுதாகக் கழற்றினார். பெட்டியின் மேல் கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். "யக்கா, இதும்மேல தோச ஊத்தலாம் போலகீதே" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். "உள்ள கல்லுல ஊத்திக்கினுகீறேன், அத்தத் துன்னு" என்று பதில் வந்தது. சோபாத் துணிக்குள் வைத்து வேகவிட்டால் எந்தச் சாமான்தான் சுடாது என்று யாரும் கேட்கவில்லை. மேசைக் காற்றாடி ஒன்று வந்தது. அதைப் பெட்டிக்கு நேராக வைத்துத் திருப்பிவிட்டார்கள். அந்த வெயில் காலத்தில் அந்த ஹாலில் காற்று வாங்கியது பெட்டி ஒன்றுதான். நாங்கள் ஐந்து பேரும் வியர்த்துக்கொண்டு அதன் உடல்நிலையை விசாரித்துக்கொண்டிருந்தோம்.

மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினார்கள். கனவு இல்லம், நெடுஞ்சாலை, லாரி. அந்த லாரியின் பின்னால் எழுதியிருந்த பெயர்கள், அதை ஓட்டியவரின் பிள்ளைகளுடையதாக இருக்கும், எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன.

மச்சான் எதையெதையோ திறந்து மூடினார். பிறகு டாக்டர் சொல்லுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"டிரைவர் பழசு மாமா. பழைய டிரைவர தூக்கிட்டு புதுசு போட்டாத்தான் வேல ஆவும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் கிடங்கில் அந்த மாதம்தான் வயதானவர்கள் என்று இரண்டு டிரைவர்களை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். அடுத்தது யார் என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி என் முழங்கையைத் தொட்டு, "உங்கள இல்ல" என்று முணுமுணுத்தாள். டிரைவர் என்பது பெட்டிக்குள் இருக்கிற ஏதோ சமாச்சாரம் என்று மச்சான் விளக்கினார். புது டிரைவர் கடையில் இருந்தது. கடை குன்றத்தூரில் இருந்தது. சாவி அவர் மனைவியிடம் இருந்தது. மனைவி அம்மா வீட்டில் இருந்தாள்.

அப்போதுதான் குவாலிட்டிக்காரர் தொண்டையைச் செருமினார். அவர் கம்பெனியில் எது கெட்டாலும் ஐந்து தடவை 'ஏன்' கேட்பார்களாம். ஐந்தாவது ஏனில் வேர் வந்து கையில் நிற்குமாம். எங்கள் கிடங்கிலும் அந்த நாடகம் உண்டு. ஐந்தாவது ஏன் என்றைக்குமே காண்ட்ராக்ட் தொழிலாளி தலையில்தான் போய் முடியும். மேலாளர் தலையில் முடிந்ததாக ஒரு கதைகூட நான் கேட்டதில்லை.

"ஏன்-ஏன் போட்ருவோம் அண்ணே," என்று ஓனரைப் பார்த்து விரலை நீட்டினார். "படம் ஏன் லேட்டாகுது?"

"அத்தாம்பா நானும் கேக்குறேன்."

"மெஷின் ஸ்லோ. சரி. மெஷின் ஏன் ஸ்லோ?"

"சூடு" என்றார் மச்சான்.

"ஏன் சூடு?"

"உற போட்டு வச்சிகீறாங்கோ."

"உறை ஏன் போட்டாங்க?"

"தூசிப்பா. ரோட்ல போற லாரி தூசி அத்தனையும் எங்க வூட்லதான் வந்து குந்துது," என்றார் ஓனர்.

"உறையோட ஓட்டக் கூடாதுன்னு ஏன் தெரியல?" குவாலிட்டிக்காரரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. "ஆபரேட்டருக்கு டிரெயினிங் இல்ல. அவ்வளவுதாண்ணே. ரூட் காஸ்."

"யாரு ஆபரேட்டரு?"

"மெஷின் யாரோடதோ அவங்கதான்."

"இந்தாப்பா, நான் ஓனரு. அட்டன்டன்ஸ் போட்டு வேலைக்கு வந்தவன்கிட்ட பேசுற மாரி பேசாத, சொல்லிட்டேன்."

ரூட் காஸைக் கண்டுபிடித்த பிறகும் லாரி நகரவில்லை. ஓனர் சம்சாரம் உள்ளேயிருந்து, "இந்த நேரத்துக்கு நடந்தே போயி சைட்ட பாத்துட்டு வந்துருக்கலாம்" என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது. யாரும் காதில் வாங்கவில்லை.

அடுத்த தடவை, எந்த வைத்தியம் பலித்ததோ, லாரி போய்விட்டது. வளைவு வந்தது. முட்டி முட்டி, நின்று நின்று, முதல் நாள் ஃபோர்க்லிஃப்ட் ஏறினவன் ஓட்டுவது போல, படம் வளைவுக்குள் நுழைந்தது. குரல் எங்கேயோ முன்னால் போய்க்கொண்டிருந்தது. அதை நாங்கள் விட்டுவிட்டோம். கற்கள் வந்தன. ஒரு கல், இன்னொரு கல். பிறகு ஒரு கல்லில் வந்து படம் பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

சிவப்பு பெயிண்டில் முப்பத்தொன்று.

"நம்ம நம்பர்லா இது!" என்று என் மனைவி எழுந்துவிட்டாள். வழுக்குகிற தரையில் சறுக்காமல் நடந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள். காலையிலிருந்து கேலியைத் தவிர வேறெதுவும் பேசாதவளின் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "இது நம்ம கல்லுதானங்க?"

"ஆமா."

"கெழக்கு எது? வாசல் எந்தப் பக்கம் வரும்?"

"தொடாதம்மா, ரேக வுழுந்துடும்," என்று பதறிய ஓனர், அவள் முகத்தைப் பார்த்ததும் குரலை மாற்றினார். "பாரு, பாரு. நல்லா நின்னு பாரு. காசா பணமா? மச்சான், இப்ப இத்த நவுத்தாத."

மச்சான் கேட்கிற நிலையில் இல்லை. அவருக்குப் பெட்டி தன்மானப் பிரச்சினை ஆகியிருந்தது. "முன்னாடி ஓட்டையிலதான் கோளாறு. பின்னாடி சொருவிப் பாக்கறேன்" என்று பென் டிரைவைப் பிடுங்கினார். பிடுங்கியும் படம் போகவில்லை. நின்றது நின்றபடி நின்றது. அவர் டிவி மேசைக்குப் பின்னால் படுத்து, செல்போன் வெளிச்சத்தோடு வயர்களுக்குள் நுழைந்துவிட்டார். வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. பிடுங்குவதற்குள் ஸ்பீக்கரில் கிணற்றுக் குரல் கடைசி வரிகளைச் சொல்லி முடித்திருந்தது. 'மிகச் சில மனைகளே மீதம். இன்றே முந்துங்கள்.'

ஓனர் சம்சாரம் டீத் தட்டோடு வந்தார். தட்டை வைக்க இடம் தேடியவர் டிவியைப் பார்த்தார்.

"அய்யே! இது நம்ம கலங்கல்ல?"

ஓனர் திரும்பினார். "நீ டீய வச்சிட்டுப் போ."

"கலங்கல்தான்யா. இந்தா படிக்கல்லு தெர்தே. இத்தப் போயி டிவில காட்றானா?" தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். "கல்யாணமாயி வந்த புதுசுல மழ நின்னுதுன்னா நாங்கோ அல்லாரும் இங்கதான் துணி அலசுவோம்."

"கலங்கல்ங்கது ஊர்ப்பேர்தான மதினி?"

"ஊரா? இன்னா பொண்ணும்மா நீ! ஏரி ரொம்பிச்சின்னா தண்ணி வழிஞ்சி வெளிய ஓடும்ல? அந்தக் கட்டுக்குப் பேருதான் கலங்கல். இந்தா வெள்ளக் கல்லு நட்டுகீது பாரு, இந்த எடத்துல எனுக்கு முட்டி வரைக்கும் தண்ணி இஸ்துக்கினு ஓடும். ஒரு தபா இவரு லுங்கியே போச்சு."

லுங்கி போன கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. என் மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"மறுகாலு" என்றாள்.

எனக்கும் அந்த நொடியில்தான் விளங்கியது. எங்கள் ஊரில் குளம் நிரம்பி வழிகிற இடத்துக்கும், வழிந்த தண்ணீர் ஓடுகிற பாதைக்கும் மறுகால் என்று பெயர். மறுகால் என்று ஓனர் சொல்லியிருந்தால் வண்டியிலிருந்து ஓடும்போதே குதித்திருப்பேன். பழைய மதில் என்று நான் பார்த்து வந்த கருங்கல் கட்டடம் டிவியில் சுவர் அகலத்துக்கு நின்றது. அதன் படிகள், தண்ணீர் வழிந்து வழிந்து கறுத்த தடம், அதற்கு நேர் கீழே முப்பத்தொன்று. கோடையில் நேரில் போய் நின்றபோது என் கண்ணுக்குச் சிவப்பு எண் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

"மறுகால்ல நாங்க ஒரு ஆட்டக்கூட கட்ட மாட்டோம் அண்ணாச்சி," என்றாள். "இவிய வீட்டக் கட்டவா?"

"அது அந்தக் காலம்மா. இப்ப எங்க மழ வர்து? ஏரி ரொம்பி எத்தினி வருசம் ஆவுது தெரியுமா?"

"எத்தன வருசம்?"

"அது... ஆவுது."

"போன ஐப்பசில வழிஞ்சிச்சே," என்றார் சம்சாரம்.

"நீ உள்ள போறியா இல்லியா!"

"நான் இன்னா பொய்யா சொன்னேன்? கேட்டாங்கோ, சொன்னேன்." அவர் டீத் தட்டோடு உள்ளே போனார். கடைசிவரைக்கும் எங்களுக்கு டீ வரவில்லை.

குவாலிட்டிக்காரர் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டாம் கல்லுக்கு அவர் காசு ஏதும் கொடுத்திருக்கவில்லை. "ஷிப்ட் இருக்குண்ணே" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஷிப்ட் கிடையாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இது ஏன் என்று ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் மேசைக்குப் பின்னாலிருந்து மச்சான் தலையில் ஒட்டடையோடு எழுந்தார். வெளியே நடந்தது எதுவும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை.

"மாமா! புட்ச்சிட்டேன்! முன்னாடி ஓட்டைக்கு வர்ற வயர நான்தான் மாத்தி சொருவிகீறேன். பின்னாடி குத்திட்டேன். இப்ப பாரு, தண்ணியாட்டம் ஓடும்!"

ஓடியது. லாரி வந்து போனது. குரல் 'வளைவு' என்றபோது வளைவு, 'சாலை' என்றபோது சாலை. இமைக்கிற நேரத்துக்குக் கற்களும் கலங்கலும் ஓர் ஓரமாக வந்து மறைந்தன. அதன்மேல் பச்சை எழுத்தில் 'இயற்கை எழில்' என்று வேறு போட்டிருந்தார்கள். பெட்டி ஒழுங்காக இருந்திருந்தால் எங்களுக்குத் தெரிந்திருக்கக்கூடியது அவ்வளவுதான். மச்சான் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். காலை முழுக்க இதற்காகத்தானே செத்தோம், ஏன் ஒருவரும் டிவி பக்கம் திரும்பவில்லை என்று அவருக்குப் புரியவில்லை. பாவம் என்று சொல்லத் தோன்றும். சொல்ல மாட்டேன். அந்த வயரை முதலிலேயே ஒழுங்காகச் செருகியிருந்தால், நாங்கள் மறுநாள் மீதிப் பணத்தைக் கட்டியிருப்போம்.

அறைக்கு வந்த பிறகு நான்தான் தடுமாறினேன். மீதியைக் கட்டாவிட்டால் ஐம்பதாயிரமும் போய்விடுமே. கட்டிவிட்டு, வேறு யார் தலையிலாவது விற்றுவிட்டால் என்ன? அந்த யோசனையை வாய்விட்டுச் சொல்லவும் செய்தேன்.

"யார் தலையில?" என்று கேட்டாள் அவள். "இன்னொருத்தன் பொண்டாட்டி சங்கிலியிலயா? போன காசு போன வழிக்கு இருக்கிற காசையும் துணைக்கு அனுப்பணுமா?"

அன்று சாயங்காலமே ஓனரிடம் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டோம். பணம் கம்பெனியிடம் போய்விட்டது என்றார். கம்பெனி யார் என்றால் கம்பெனிதான் என்றார். என் மனைவி அன்றாடம் குழாயடியில் வைத்துக் கேட்டாள். தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கேட்டாள். ஒரு வாரம் பொறுத்த ஓனர் ஒரு நாள் எங்கள் அறை வாசலில் வந்து நின்று, தயாள குணம் படைத்தவர் முகத்தோடு சொன்னார்.

"பணம்னா இப்ப கையில இல்ல தம்பி. ஒண்ணு பண்ணு. மீடியா சென்டர எடுத்துக்கோ. இப்பத்தான் சூப்பரா ஓடுது. முப்பதாயிரம் போட்டுக்கலாம்."

"உறையோடயா, உறை இல்லாமலா?" என்று கேட்டாள் என் மனைவி. அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கடைசியில் வாடகையில் கழித்துக்கொள்வது என்று ஆனது. மாதம் ஆயிரத்து எண்ணூறு. பத்து மாதம் ஒரு பைசா கொடுக்காமல் அவர் வீட்டில் இருந்தோம். எனக்கு அது ஒவ்வொரு நாளும் முள்மேல் இருப்பது. இன்றைக்குப் பூட்டை மாற்றியிருப்பாரோ, சாமானை வெளியே வைத்திருப்பாரோ என்று தெருமுனையிலேயே நின்று எட்டிப் பார்த்துவிட்டு வருவேன். பூட்டை மாற்றவில்லை. தண்ணீர் மோட்டாரை மட்டும் நாங்கள் குளிக்கிற நேரம் பார்த்து நிறுத்துவார். பொங்கலுக்கு முந்தின நாள் ஒரு ஐயாயிரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தார், ஏதோ எங்களுக்குச் சீர் செய்வதுபோல. அதற்குப் பிறகு வாடகைக்கு வேறு ஆள் பார்த்துவிட்டேன் என்று அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். சங்கிலி வட்டியில் மூழ்கிப் போனது. நாங்கள் குன்றத்தூருக்குக் குடி மாறினோம்.

பிறகும் மாதம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இரண்டாயிரத்துப் பதினைந்து மழையில் அந்த ஏரி நிரம்பியது, கலங்கல் வழிந்து ஓடியது, கற்களைக் காணோம். மழை விட்டதும் பணம் கேட்டுப் போனபோது ஓனர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். இயற்கை சீற்றம் என்றார். கம்பெனியே தண்ணியில் போய்விட்டது, தன் கமிஷனும் போய்விட்டது, இனி யாரிடம் போய்க் கேட்பது என்றார். அன்றைக்கு என்னை வண்டியில் வைத்துச் சைட்டுக்குக் கூட்டிப்போன பெட்ரோலுக்கும் அலைச்சலுக்கும் இரண்டாயிரம் தன் கணக்கில் கழியும் என்றும் சொன்னார். அவர் கணக்குப்படி எனக்கு வரவேண்டியது இருபத்தைந்தாயிரம். பெட்ரோல் கணக்கை நாங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இருபத்தேழாயிரம் ரூபாய் இன்னும் வரவேண்டும்.